பிளாப்பி, திஸ்கி, மினிடீவி: ஒரு தொழில்நுட்பச் செய்தியாளரின் பழைய வேலையை மீட்டுப் படமாக்குவது எப்படி?

செந்தூல்_குமரன்

வணக்கம். கோலாலம்பூரில் கணினி பற்றி எழுதிவந்த ஒரு செய்தியாளரைப் பற்றி 40 நிமிட ஆவணப்படம் தயாராகிறது. பெயரைக் குடும்பத்தார் சம்மதம் வந்த பிறகுதான் சொல்ல முடியும். தொண்ணூறுகளில் தமிழ் மாத இதழ்களில் பத்தி, பிறகு சொந்தமாக ஓர் இணைய இதழ், 2000க்குப் பின் கையில் கேமராவோடு குறும் ஆவணப்படங்கள். அமெரிக்கக் கணினிப் பத்தியாளர் ராபர்ட் கிரிஞ்சலி போன பாதை மாதிரி.

கிடைத்திருப்பவை: 3.5 அங்குல பிளாப்பி இரண்டு பெட்டி (சிலவற்றில் "மேக்" என்று எழுதியிருக்கிறது), எரித்த சிடிகள், பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு நிரல்) கோப்புகள், இதழ்க் கட்டுகள், மினிடீவி (டிஜிட்டல் வீடியோ) நாடாக்கள், கொஞ்சம் ஹை8 (பழைய அனலாக் கேமரா நாடா), ஒரே ஒரு விஎச்எஸ். இணைய இதழ் இருந்த தளம் இப்போது இல்லை. எதை முதலில் தொடுவது? கடையில் கொடுத்து மாற்றிவிடலாமா?

நூலகப்பூனை

முதலில் நாடா. அப்புறம் பிளாப்பி, சிடி. காகிதம் கடைசி. இணையப் பக்கங்களை இவற்றோடு பக்கவாட்டில் செய்துகொண்டே போகலாம்.

காகிதம் நம் ஊர் ஈரத்தில் மஞ்சளானாலும் படிக்க முடியும். நாடாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஓட்டும் கருவி. மினிடீவி கேமராக்கள் தயாரிப்பில் இல்லை; உள்ளே இருக்கும் ரப்பர் உருளை, பட்டை எல்லாம் வயதாகின்றன. அடுத்த ஆண்டு இதே விலையில், இதே நிலையில் ஒரு கேமரா கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

கிரிஞ்சலியைச் சொன்னீர்கள், அவர் கதையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1995-இல் தொலைக்காட்சித் தொடருக்காக ஸ்டீவ் ஜாப்ஸை ஒரு மணி நேரத்துக்கு மேல் பேட்டி எடுத்தார். 1996-இல் ஒளிபரப்பான தொடரில் பத்து நிமிடம் போலத்தான் போட்டார்கள். மூல நாடாக்கள் லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பும்போது தொலைந்துபோயின. ஜாப்ஸ் இறந்த பிறகு, இயக்குநரின் கராஜில் கிடந்த ஒரு விஎச்எஸ் நகல்தான் முழுப் பேட்டியையும் காப்பாற்றியது. உங்களிடம் இருக்கும் அந்த ஒற்றை விஎச்எஸ்ஸையும் "நகல்தானே" என்று ஒதுக்க வேண்டாம்.

கேசட்_மாமா

கடையில் கொடுப்பதென்றால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள், தம்பி: "மூல டீவி (டிஜிட்டல் வீடியோ) கோப்பாகத் தருவீர்களா, எம்பி4-ஆகத் தருவீர்களா?" எம்பி4 அல்லது டிவிடி என்றால் வேண்டாம். மினிடீவியில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் (கேமராவைக் கணினியோடு இணைக்கும் பழைய வயர் முறை) வழியாக எடுத்தால் நாடாவில் உள்ள அதே பிட்டுகள் அப்படியே கணினிக்கு வரும். தரம் ஒரு துளியும் குறையாது. நொடிக்கு 25 மெகாபிட் படம், கூடவே ஒலியும் நேரக் குறியீடும். மொத்தம் மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி. ஒரு மணி நேர நாடாவுக்கு 2 ஜிபி கோப்பு வந்தால் எங்கோ மறுபடி சுருக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேமராவின் மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஏவி வயரில் எடுப்பதும் தப்பு. டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குவதாகும்; நாடாவில் பதிந்த தேதியும் நேரக் குறியீடும் வழியிலேயே போய்விடும்.

நாடாவைப் போடும் முன் ஜன்னல் பக்கமாகப் பிடித்து உள்ளே பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி அல்லது வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சணம். அதைக் கேமராவில் போடவே கூடாது. ஒரு நாடாவின் பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் எல்லா நாடாவுக்கும் பரவும். அந்த நாடாக்களைத் தனிப் பையில், சிலிகா ஜெல்லுடன் வைத்துவிட்டுத் தொழில்முறை ஆட்களிடம் கொடுங்கள்.

ஏர்கோன் அறையில் இருந்த நாடாவை வெளியே எடுத்த உடனே ஓட்டாதீர்கள். கேமராவிலும் நாடாவிலும் ஈரம் படியும். நாடா டிரம்மில் ஒட்டிக்கொண்டால் சுருண்டு கிழியும். அறை வெப்பத்துக்கு வர ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிறகு ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு (இறுக்கம் சமமாகும்) அப்புறம் பிடியுங்கள்.

படத்தில் சதுரம் சதுரமாக உடைந்தால் முதலில் ஹெட் கிளீனர் நாடா, பத்து நொடி, அதற்கு மேல் வேண்டாம். அது உரசித்தான் சுத்தம் செய்கிறது. அப்போதும் உடைந்தால் வேறு கேமராவில் போட்டுப் பாருங்கள். எல்பி முறையில் (நாடாவை மெதுவாக ஓட்டிக் கூடுதல் நேரம்) பதிந்த நாடா என்றால் பதிவு செய்த அதே கேமராவில் மட்டும் ஒழுங்காக ஓடுவது சகஜம். அதனால் குடும்பத்தாரிடம் அந்தப் பழைய கேமராவைக் கேளுங்கள், உடைந்திருந்தாலும் பரவாயில்லை.

பாயான்_பாரு_ராஜன்

மாமா, இப்போதைய மடிக்கணினியில் ஃபயர்வயர் துளையே கிடையாதே. யூஎஸ்பி முனை உள்ள ஃபயர்வயர் வயர் ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள், அது போதுமா?

கேசட்_மாமா

போதாது. அந்த வயர் வெறும் முனை மாற்றிதான். யூஎஸ்பியும் ஃபயர்வயரும் பேசும் மொழியே வேறு. நடுவில் சில்லு இல்லாமல் ஒன்றும் நடக்காது. காசு விரயம்.

இரண்டு வழி இருக்கிறது. பழைய மேசைக் கணினி, அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் அட்டை, மேலே லினக்ஸ், நாடாவைப் பிடிப்பதற்கு டீவிகிராப் நிரல். இதுதான் நம்பகமானது. கோலாலம்பூரின் லோ யட் கணினிக் கடை வளாகத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கினால் அட்டை சிக்கலாம். இல்லையென்றால் மூடா, கேரோசெல் போன்ற பழைய பொருள் விற்கும் தளங்கள். மேக் வைத்திருந்தால் தண்டர்போல்ட் 3-இலிருந்து 2, அங்கிருந்து ஃபயர்வயர் 800, அங்கிருந்து கேமராவின் நாலு முனை வயர் என்று ஒரு சங்கிலி போட வேண்டும். ஆனால் 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் ஆதரவை எடுத்துவிட்டார்கள். அந்த மேக்கைப் புதுப்பிக்காமல் வைத்திருங்கள்.

ஒவ்வொரு நாடாவையும் இரண்டு தடவை பிடியுங்கள். டீவிரெஸ்கியூ என்ற இலவச நிரல் இரண்டு பிடிப்புகளையும் சட்டகம் (ஃபிரேம்) சட்டகமாக ஒப்பிட்டு, எதில் பிழை குறைவோ அதை எடுத்து ஒரே கோப்பாகச் சேர்க்கும். முதல் ஓட்டத்தில் உடைந்த இடமும் இரண்டாவதில் உடைந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

ஹை8-க்குத் தனிக் கருவி தேட வேண்டாம். சோனியின் டிஜிட்டல்8 கேமராக்களில் ஆரம்ப கால மாடல்கள் பல பழைய ஹை8 நாடாவையும் ஓட்டி, ஃபயர்வயரில் டீவியாக வெளியே தரும். எல்லா மாடலும் தராது. வாங்கும்போது ஒரு ஹை8 நாடாவைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எட்டு_பிட்டு

பிளாப்பி விஷயத்துக்கு வருகிறேன். "மேக்" என்று எழுதியவற்றைத் தனியே பிரியுங்கள். எழுதுதடை ஓட்டைக்கு எதிர்ப்பக்க மூலையில் இரண்டாவது ஓட்டை இருந்தால் 1.44 எம்பி, அதைச் சாதாரண யூஎஸ்பி டிரைவே படிக்கும். ஓட்டை இல்லாத மேக் வட்டு 800 கேபி. அதை எழுதிய முறையும் சுழலும் வேகமும் வேறு. யூஎஸ்பி டிரைவில் போட்டால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். "ஆம்" அழுத்திவிட்டால் கதை முடிந்தது. அதனால் எந்த வட்டைப் போடும் முன்பும் எழுதுதடைத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டையைத் திறந்துவிடுங்கள். திறந்திருந்தால் எழுத முடியாது.

800 கேபி வட்டுக்கு கிரீஸ்வீசல் என்ற மின்சுற்றுப் பலகையும் பழைய உள்பொருத்து பிசி டிரைவும் வேண்டும். அது கோப்புகளைப் படிப்பதில்லை, காந்த மாற்றங்களையே பதிவு செய்கிறது. பிறகு அதிலிருந்து வட்டுப் படிமத்தை (வட்டின் முழு நகல் கோப்பை) மென்பொருளில் எடுக்கலாம். வட்டை மறுபடி தொடாமலே பத்து விதமாக முயன்று பார்க்கலாம் என்பதுதான் இதன் அருமை.

உலோக மூடியைத் தள்ளிவிட்டு வட்டின் மேற்பரப்பைக் கையால் சுற்றிப் பாருங்கள். பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வீட்டில் கிடந்த வட்டில் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சணம் இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியே போட்டால் ஹெட் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிடும். 99 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு படியுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டில் தண்ணீர் அதிகம், அது வேண்டாம்.

சிடிக்கு டிடிரெஸ்கியூ நிரல். ஒரு டிரைவில் படிக்காத பகுதியை வேறு டிரைவில், அதே பதிவுக் கோப்பை வைத்துத் தொடரலாம். விட்ட இடத்தை மட்டும் போய்ப் படிக்கும்.

மரபெழுத்து_மலர்

கோப்புகள் வந்த பிறகுதான் உண்மையான தலைவலி. தமிழ் தெரியாது, கிறுக்கல்தான் தெரியும். ஒருங்குறி (யூனிகோட்) பரவும் முன் பாமினி, திஸ்கி என்று பல குறியேற்றங்கள், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணைகள், புழங்கின. எந்தக் குறியேற்றம் என்று கண்டுபிடிக்காமல் மாற்றி நிரலில் போடாதீர்கள். தப்பான மாற்றியும் ஏதோ ஒரு தமிழைத் துப்பும். அது பார்க்க நம்பும்படியாகவே இருக்கும்.

கண்ணாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி. "தமிழ்" என்ற சொல் எப்படியும் அந்தக் கோப்பில் இருக்கும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரிந்தால் பாமினி. பாமினியில் புள்ளி இருக்கும் இடமெல்லாம் அரைப்புள்ளி, ஆகவே பக்கம் முழுக்க அரைப்புள்ளியாக இருக்கும். முக்கால் பின்னக் குறி, தலையில் கோடிட்ட ஏ, சென்ட் குறி, தலையில் கோடிட்ட யூ என்று தெரிந்தால் திஸ்கி. இரண்டும் இல்லையென்றால் டேப், டாம் அல்லது முரசு அஞ்சலின் பழைய குறியேற்றம். எழுத்துருவின் பெயரில் டிஎஸ்சி இருந்தால் திஸ்கி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டிஎஸ்சியு என்று தொடங்கும் எழுத்துருக்களில் திஸ்கியும் ஒருங்குறியும் சேர்ந்தே இருக்கும், பெயரை வைத்து முடிவு கட்ட முடியாது.

உங்கள் செய்தியாளர் மலேசியாக்காரர். முரசு அஞ்சல் முத்து நெடுமாறனால் இங்கேயே உருவானது. ஆகவே தொண்ணூறுகளின் நடுப்பகுதிக் கோப்பு என்றால் முதலில் முரசின் பழைய குறியேற்றத்தைச் சந்தேகியுங்கள். 1998-க்குப் பிந்தையது என்றால் திஸ்கியை.

திஸ்கிக்கு லினக்ஸில் தனி நிரலே வேண்டாம். கூடவே வரும் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். உள்ளீடு திஸ்கி, வெளியீடு யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் போதும். பாமினி, டேப், டாம், அஞ்சல் எல்லாவற்றுக்கும் ஓப்பன்-தமிழ் என்ற பைதான் தொகுப்பில் மாற்றிகள் இருக்கின்றன.

உடையும் இடங்கள்:

"இ" காணாமல் போவது. திஸ்கி 1.6-இல் "இ" 173-ஆம் இடத்தில் இருந்தது. உலாவிகள் அந்த இடத்தை மறைந்திருக்கும் இணைப்புக்கோடாக எடுத்துக்கொண்டு காட்டாமல் விட்டன. அதனால்தான் 1.7-இல் 254-க்கு நகர்த்தினார்கள். பழைய கோப்பில் "இணையம்" வெறும் "ணையம்" என்று வந்தால், மாற்றும் முன் 173-ஐ 254 ஆக்கிவிடுங்கள்.

கொம்பு. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான். ெ, ே, ை எல்லாம் மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். மாற்றி அதை இடம் மாற்றும். ஆனால் கோப்பு மின்னஞ்சலிலிருந்து வந்தது என்றால், கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் எழுத்து அடுத்த வரியிலும் பிரிந்து கிடக்கலாம். முதலில் மின்னஞ்சலின் வரிமுறிப்பை அவிழ்த்துவிட்டு, பிறகு மாற்றுங்கள். வரிசை மாறினால் கொம்பு தனியாகத் தொங்கும்.

ஔகாரம். பலரும் அதற்கான குறியை விட்டுவிட்டு "ள"வையே தட்டினார்கள். மாற்றிய பிறகு "கெளரவம்", "மெளனம்", "பெளர்ணமி" என்று தேடித் திருத்துங்கள். கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் மாற்றினால் "தெளிவு" என்பதும் கெட்டுப்போகும்.

பாமினியில் கூடுதலாக ஒன்று. அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருக்கிறது. கணினிப் பத்தியில் இடையிடையே வரும் "விண்டோஸ்", "மோடம்" மாதிரிச் சொற்களை அவர் ஆங்கில எழுத்திலேயே விட்டிருந்தால், மாற்றி அவற்றையும் தமிழாக்கிப் பிசைந்துவிடும். வேர்ட் கோப்பாக இருந்தால் எழுத்துருப் பெயரைப் பார்த்து, பாமினி உள்ள துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். வெறும் உரைக் கோப்பென்றால் அச்சான இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால்தான்.

எட்டு_பிட்டு

பேஜ்மேக்கருக்கு ஒரு வரி. 6.0-க்குப் பிந்தைய கோப்பை இன்டிசைன் சிஎஸ்6 திறக்கும், அதற்குப் பிறகு வந்த இன்டிசைனை நம்பாதீர்கள். உரை மட்டும் போதுமென்றால் லிப்ரே ஆபிஸ் டிராவில் திறந்து பாருங்கள், 6-உம் 7-உம் ஓரளவு வரும். பக்க அமைப்பு அப்படியே படத்தில் காட்ட வேண்டுமா? பழைய மேக் போலவே இயங்கும் ஷீப்ஷேவர் நிரலில் மேக்ஓஎஸ் 9, அதில் அதே எழுத்துரு, அதே பேஜ்மேக்கர். போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக அச்சிட்டு கோஸ்ட்ஸ்கிரிப்டில் பிடிஎஃப் ஆக்குங்கள். எழுத்துரு இல்லாமல் திறந்து "சேமி" கொடுத்துவிடாதீர்கள்.

பாயான்_பாரு_ராஜன்

இணைய இதழ் வேபேக் மெஷினில் (பழைய இணையப் பக்கங்களின் காப்பகம்) கிடைக்கிறது என்று வையுங்கள். பக்கத்தைத் திறந்து "சேமி" கொடுத்தால் போதாதா?

மரபெழுத்து_மலர்

அப்படிச் சேமித்தால்தான் பாழாகும். அந்தக் காலத்துப் பக்கங்கள் தங்கள் குறியேற்றத்தைச் சொல்லவே மாட்டா, அல்லது மேற்கத்திய எழுத்து என்று பொய் சொல்லும். உலாவி அதை நம்பி விண்டோஸ்-1252 ஆகப் படித்து, யூடிஎஃப்-8 ஆக எழுதிவைக்கும். அதைத் திரும்பப் பழைய பைட்டுகளாக்கலாம். ஆனால் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களும் அந்த அட்டவணையில் காலி. சில கருவிகள் அங்கே கேள்விக்குறி போட்டுவிடும், அப்புறம் எழுத்து போனதுதான்.

வேபேக் முகவரியில் 14 இலக்க நேர முத்திரை இருக்கும். அதன் பின்னால் இடைவெளியில்லாமல் ஐ, டி என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்தும் ஓர் அடிக்கோடும் சேர்த்து, டபிள்யூகெட் என்ற இறக்கும் நிரலில் இறக்குங்கள். காப்பகம் பக்கத்தின் மேலே ஒட்டும் பட்டை இல்லாமல் அன்றைய பைட்டுகள் வரும். பிறகு ஐகான்வ்.

இன்னொன்று: அந்தக் காலத்தில் பல பக்கங்களில் தலைப்பு எல்லாம் ஜிஃப் படமாக இருக்கும், வாசகரிடம் எழுத்துரு இருக்காது என்பதால். உரையை மட்டும் எடுத்தால் தலைப்பில்லாத கட்டுரை கிடைக்கும். படக் கோப்புகளையும் இறக்குங்கள். மலேசிய இணைய நிறுவனமான ஜாரிங்கின் இலவசப் பக்கங்களில் இருந்தது என்றால் பழைய முகவரியைத் துல்லியமாகத் தேட வேண்டும். ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளம் என்றால், அது மூடப்பட்ட 2009 அக்டோபருக்கு முந்தைய முத்திரைகளைப் பாருங்கள்.

நூலகப்பூனை

காகிதத்துக்கு: எழுத்துள்ள பக்கம் 300 டிபிஐ போதும், செய்தித்தாள் பொடி எழுத்து என்றால் 400. படம் உள்ள பக்கத்தை 600-இல் எடுத்துச் சுருக்குங்கள். 300-இல் எடுத்தால் அச்சுப் புள்ளிகள் அலை அலையாக வந்து திரையில் நடனமாடும். டிஃப் ஆக வைத்துக்கொண்டு, பார்வைக்கு ஜேபெக்.

டெசராக்ட் நிரலில் தமிழ் எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) உண்டு. ஒவ்வொரு பத்தியாக வெட்டிக் கொடுத்தால் நன்றாகவே படிக்கும். முழுப் பக்கத்தைக் கொடுத்தால் பக்கத்துப் பத்தியோடு வரியைக் கோத்துவிடும்.

தட்டச்சு_ஐயா

எழுத்துணரிக்குச் செலவழிக்கும் நேரத்தில் தட்டச்சே செய்துவிடலாம் என்பது என் கருத்து. கணினிப் பத்தி என்பது பொதுவாக இரண்டு பக்கம். படத்துக்கு வேண்டியது தேடல்தான். தலைப்பு, இதழ், தேதி, பேசப்பட்ட பொருள் என்ற நான்கையும் ஓர் அட்டவணையில் போட்டால் படத்தொகுப்பாளருக்கு அது போதும். பிழை திருத்தாத எழுத்துணரி உரையை வைத்துக்கொண்டு "இன்டர்நெட் என்ற சொல் முதன்முதலில் எப்போது வந்தது" என்றெல்லாம் தேடினால் விடை தப்பாகத்தான் வரும்.

நூலகப்பூனை

அட்டவணை வேண்டும்தான், ஐயா. ஆனால் எழுத்துணரி உரை தப்பும் தவறுமாக இருந்தாலும் பக்கத்தை எட்டிப் பிடிக்க உதவுமே. திரையில் காட்டும் வரியை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டால் சரி.

தேதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படத்தில் "1996 மார்ச்" என்று எழுத்துப் போடும் முன் மூன்று பொறி இருக்கிறது. இதழின் அட்டைத் தேதி, அவர் எழுதிய தேதி அல்ல. மாத இதழ்கள் முன்தேதி போடுவது வழக்கம். கோப்பின் தேதி 1980 ஜனவரி 1 அல்லது 1904 என்று இருந்தால் கணினியின் கடிகார மின்கலம் செத்திருந்தது என்றுதான் பொருள். கேமராவும் அப்படியே: நாடாவில் பதிந்த தேதியை, அதே நாடாவில் தெரியும் ஏதாவது ஒரு நிகழ்வோடு பொருத்திப் பாருங்கள். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு மாதிரி ஒன்று பின்னணியில் இருந்தால் அந்த நாடாவின் கடிகாரம் எவ்வளவு பிசகியது என்று கணக்குப் போடலாம். மாநாட்டுச் செய்திகளைச் சரிபார்க்க சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில் தமிழ் முரசு இதழ்கள் உள்ளன. இங்கே ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் கேளுங்கள்: 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட வெளியீட்டுக்கு ஐந்து படி ஒப்படைக்க வேண்டும். எல்லாரும் ஒப்படைத்தார்களா என்பது வேறு விஷயம்.

வழக்கறிஞர்_அல்ல

உரிமையைப் பற்றி யாரும் பேசவில்லையே. குடும்பத்தார் சம்மதித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 26: ஊழியராக இருந்து எழுதினால் உரிமை முதலாளிக்கு. இங்கே பலர் கவனிக்காத ஒன்று, வெளியாளாக இருந்தாலும் கேட்டு எழுதவைத்தால் உரிமை எழுதவைத்தவருக்கே போகும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால். ஆகவே இதழ் கேட்டு அவர் எழுதிய பத்திகள் குடும்பத்தாருடையவை அல்ல என்பதையே முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். அவரே நடத்திய இணைய இதழில் வந்தவை வாரிசுகளுக்கு. ஆசிரியர் வாழ்நாளும் அதன் பின் 50 ஆண்டும். குறும்படங்களுக்கு யார் பணம் போட்டார்கள் என்று பாருங்கள். நின்றுபோன இதழ் என்றால் அந்த நிறுவனத்தின் பதிவை எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையம்) தேடி, யாரிடம் போயிற்று என்று பார்க்க வேண்டும். விமர்சனம், செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் காட்டலாம் என்று பிரிவு 13 சொல்கிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும். இரண்டு நொடி பக்கத்தைக் காட்டுவதும் முழுக் கட்டுரையைப் பின்குரலில் வாசிப்பதும் ஒன்றல்ல.

புனைபெயரையும் கவனியுங்கள். கிரிஞ்சலி என்பது பிறந்த பெயர் அல்ல, இன்ஃபோவேர்ல்ட் என்ற அமெரிக்கக் கணினி இதழ் தன் பத்தியாளர்களுக்கு வைத்திருந்த பொதுப் புனைபெயர். மார்க் ஸ்டீபன்ஸ் 1987 முதல் 1995 வரை அந்தப் பெயரில் எழுதினார், அவருக்கு முன்பும் வேறு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் வெளியேறியதும் பெயர் யாருக்கு என்று வழக்கு. கடைசியில் சமரசமாகி, போட்டி இதழ்களில் எழுதாத வரையில் அவர் அதே பெயரைப் பயன்படுத்தலாம் என்றானது. அதனால்தான் பிறகு அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் தளத்தில் 1997 முதல் 2008 வரை எழுதிய இணையப் பத்தியும் அதே பெயரில். உங்கள் ஆளும் புனைபெயரில் எழுதியிருந்தால், அந்தப் பெயரில் வந்த எல்லாமே அவர் எழுதியதுதானா என்று சரிபார்க்காமல் படத்தில் சேர்க்காதீர்கள்.

செந்தூல்_குமரன்

நன்றி, சார். இதழ்ப் பக்கங்களைப் பட்டியலிட்டு இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) உரிமம் வேண்டுமா? படம் திருவிழாவுக்கும் யூடியூபுக்கும்தான்.

வழக்கறிஞர்_அல்ல

தயாரிப்பு, விநியோகம், திரையிடல் மூன்றுக்கும் ஃபினாஸ் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். படப்பிடிப்புக்கு எஸ்பிபி சான்றிதழ். உரிமம் உள்ள ஒரு தயாரிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து செய்வதுதான் சின்னக் குழுக்களுக்கு வழி.

திரையிடல்தான் ஆபத்தான இடம். 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டம், பிரிவு 6: தணிக்கை வாரியம் பார்க்காத படத்தைத் திரையிட்டாலும், ஏன் வைத்திருந்தாலும்கூட குற்றம், 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை. வெறும் மிரட்டல் அல்ல. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஆவணப்படத்தை 2013-இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக ஒருவருக்கு 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். மண்டபத்தில் போடுகிறீர்கள் என்றால், இலவசம் என்றாலும், முதலில் வாரியத்துக்கு அனுப்புங்கள்.

பாயான்_பாரு_ராஜன்

கணினிப் பத்தி பற்றிய படத்துக்கெல்லாம் இந்தப் பயம் தேவையா?

தட்டச்சு_ஐயா

படத்தில் 1999 வருமா வராதா? வரும். அச்சுக்கு 1984 சட்டத்தின்படி பெர்மிட் வேண்டும். இணையத்துக்கு அது வேண்டியதில்லை, மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டத்தில் இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்றும் அரசு வாக்குக் கொடுத்திருந்தது. மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளம் 1999 நவம்பர் 20-இல், பொதுத் தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்னால் தொடங்கியது அந்த இடைவெளியில்தான். ஒரு தமிழ்ச் செய்தியாளர் அதே காலத்தில் இதழை விட்டு இணையத்துக்குப் போனார் என்றால், "தொழில்நுட்ப ஆர்வம்" என்று மட்டும் சொல்லி நழுவக்கூடாது. பெர்மிட், அச்சுக்கூலி, ஆசிரியரின் கத்தரிக்கோல் மூன்றையும் கேட்டாக வேண்டும். "முன்னோடி, சாதனையாளர்" என்று நாற்பது நிமிடமும் மாலை போடும் படங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

கேசட்_மாமா

ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பேட்டிக்கு ஆட்களை உட்காரவைக்கும்போது பழைய பக்கத்தையே கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

ஒலி: விசிறி, ஏர்கோன், குளிர்பெட்டி மூன்றையும் நிறுத்துங்கள். குளிர்பெட்டியை நிறுத்தினால் கார்ச் சாவியை அதற்குள் வையுங்கள், திரும்பப் போட மறக்கமாட்டீர்கள். சட்டைமைக் உச்சம் மைனஸ் 12 டெசிபல். பேட்டி முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அறையின் வெற்றொலியைப் பதியுங்கள், வெட்டிய இடத்தை மூட அது வேண்டும். பிற்பகல் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள்ளும் நாலரை வாக்கிலும் பாங்கு ஒலிக்கும். அந்த நேரத்தில் முக்கியமான கேள்வி கேட்க வேண்டாம். மாலை மழை தகரக் கூரையில் விழுந்தால் மைக் எதுவும் காப்பாற்றாது, ஆகவே காலைப் பொழுதே நல்லது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்: நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு. 24 வைத்தால் குழல்விளக்கு துடிக்கலாம்.

பழைய நாடாக் காட்சி 720-க்கு 576, பின்னல் கோடு (ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று இரண்டு புலம்), கீழ்ப்புலம் முதலில். பின்னலை நீக்கும்போது பாதியைத் தூக்கி எறியாதீர்கள். பின்னல் நீக்கும் கருவிகளான பிவ்டிஃப் அல்லது கியூடிஜிஎம்சியில் 50 புலத்தையும் 50 சட்டகமாக்கி, அதிலிருந்து தொகுப்புக்கு எடுங்கள். அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்ட வேண்டாம், முகங்களின் நெற்றி போய்விடும். இரு பக்கமும் கறுப்பு விட்டால் போதும்.

மரபெழுத்து_மலர்

துணைத்தலைப்பு விட்டுப்போயிற்று. பிரீமியர் தொகுப்பு நிரலில் தமிழ் உடைந்து தெரிந்தால் விருப்பத்தேர்வுகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய-மத்தியகிழக்கு என்று மாற்றுங்கள். ஏற்கெனவே தட்டிய எழுத்து தானாக மாறாவிட்டால் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள். அதற்குப் பதிலாக, எஸ்ஆர்டி (துணைத்தலைப்பு) கோப்பாகத் தனியே செய்து எஃப்எஃப்எம்பெக் நிரலில் லிப்ஆஸ் என்ற அதன் துணைத்தலைப்புக் கருவி வழியாகப் படத்தில் பதித்தால் கொம்பும் காலும் சரியாக விழும். தமிழ் வரி அகலமானது. ஆங்கிலத்துக்குச் சொல்லும் 42 எழுத்து அளவு நமக்கு ஒத்துவராது, முப்பத்தைந்தைத் தாண்டாமல் இரண்டு வரி. ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்கள். அதைத் துணைத்தலைப்பில் சுத்தத் தமிழாக்கிவிடாதீர்கள், அவர் பேசியது அதுவல்ல.

நூலகப்பூனை

மூல டீவி கோப்பு, வட்டுப் படிமம், திஸ்கி மூலம், டிஃப் எல்லாவற்றுக்கும் இன்றே ஷா-256 சரிபார்ப்பெண் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்) எடுத்து ஓர் உரைக் கோப்பில் வையுங்கள். இரண்டு வன்வட்டு, இரண்டு வீடு. ஒன்று கோலாலம்பூர் என்றால் மற்றது பினாங்கு. ஒருங்குறியாக்கிய உரையைச் சேமிக்கும்போது பழைய பைட்டுகளை அழித்துவிடாதீர்கள், மாற்றியில் பிழை இருந்தால் மறுபடி ஓட்ட அவை வேண்டும். விஎச்எஸ்ஸை இன்னும் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்றால், பதிவுத் தடைக்கான பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உடையாமல் இருந்தால் உடைத்துவிட்டு, நேரத்தளத் திருத்தி (படத்தின் நடுக்கத்தைச் சீராக்குவது) உள்ள எஸ்-விஎச்எஸ் இயந்திரத்தில் போட்டு, தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 முறையில் பிடியுங்கள்.